ஒரு மில்லிமீட்டருக்காகப் பன்னிரண்டு மணி நேரம்

மலக்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பிறகு அதே இடத்தில் திரும்பி வந்தால் என்ன செய்யலாம்? என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும்?

"அய்யா, வீட்டுல எப்படிக் கட்டுவீங்களோ அப்படியே வேட்டியைக் கட்டிக் காட்டுங்க."

சாயங்காலம் ஐந்து மணி. மறுநாள் காலை அறுவை. கட்டிலோரம் நிற்கும் பெரியவருக்கு இந்தக் கோரிக்கை வேடிக்கையாக இருக்கிறது. ஆஸ்பத்திரி அங்கியை ஒதுக்கிவிட்டு, மகன் கொண்டுவந்த நாலு முழ வேட்டியை இடுப்பில் இறுக்கிச் செருகிக் காட்டுகிறார். நர்ஸ் குனிந்து பார்க்கிறார். கட்டு எங்கே விழுகிறது, உட்கார்ந்தால் வயிற்று மடிப்பு எங்கே வருகிறது, குனிந்தால் தோல் எங்கே சுருங்குகிறது. சம்மணம் போடவும் சொல்கிறார். பிறகு கறுப்பு மார்க்கரால் தொப்புளுக்கு இடப்பக்கம் ஒரு வட்டம். வலப்பக்கம் இன்னொன்று.

"ரெண்டு எதுக்கும்மா?"

"இது மோஷனுக்கு அய்யா. அது யூரினுக்கு."

மகன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறார். அப்பாவிடம் அவர் சொல்லியிருந்தது "உள்ளே கொஞ்சம் க்ளீன் பண்ணப் போறாங்க" என்பது மட்டும்தான்.

இதை ஒரு தனி மனிதரின் கதையாகச் சொல்லவில்லை. ஊரும் பேரும் தேட வேண்டாம். மலக்குடல் புற்றுநோய் மறுபடி வந்தவர்களைப் பெரிய அறுவைக்குத் தயார்செய்யும் வார்டுகளில் வழக்கமாகக் கழியும் மாலைப்பொழுது இப்படித்தான் இருக்கும். அந்த இரண்டு வட்டங்களுக்குப் பின்னால் இருப்பது புற்றுநோய் மருத்துவத்தின் மிகப் பெரிய அறுவைகளில் ஒன்று. எட்டு மணி நேரம் என்பது சாதாரணம். பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டுவதும் உண்டு. குடல் அறுவை மருத்துவர், சிறுநீரக அறுவை மருத்துவர், ரத்தக்குழாய் நிபுணர், எலும்பு மருத்துவர், பிளாஸ்டிக் சர்ஜன் என்று ஒருவர் பின் ஒருவராகக் கையுறை மாட்டிக்கொண்டு வருவார்கள். இத்தனை பேர் இத்தனை நேரம் போராடுவது கட்டியைச் சுற்றி ஒரு மில்லிமீட்டராவது நோயில்லாத சதையோடு அதை வெளியே எடுக்கத்தான்.

நெரிசலான அறை

மலக்குடல் என்பது பெருங்குடலின் கடைசி 15 சென்டிமீட்டர். வயிற்றுக்குள் இருக்கும் மற்றக் குடலுக்கு அசைய இடமுண்டு, இதற்குக் கிடையாது. பின்னால் முதுகுத்தண்டின் அடியில் முக்கோணமாக இருக்கும் சேக்ரம் எலும்பு. முன்னால் ஆண்களுக்குச் சிறுநீர்ப்பையும் புராஸ்டேட்டும், பெண்களுக்குக் கருப்பையும் பிறப்புறுப்பும். இரு பக்கமும் காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள், சியாட்டிக் நரம்பின் வேர்கள். தீபாவளிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை ரங்கநாதன் தெருவில் ஒரு கடையை மட்டும் பெயர்த்தெடுப்பதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

முதல் முறை அறுவையில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. உறுப்புகளுக்கிடையே இயற்கையே வைத்த மெல்லிய பிரிவுகள் இருக்கும். அந்தப் பிரிவைக் கண்டுபிடித்துவிட்டால், பலாச்சுளையிலிருந்து கொட்டையை எடுப்பதுபோல மலக்குடலை உறையோடு எடுத்துவிடலாம். இரண்டாம் முறை அந்தப் பிரிவுகளே இருக்காது. பழைய தையலின் தழும்பும், கதிரியக்கம் இறுக்கிய திசுவும், புதிதாக முளைத்த கட்டியும் ஒன்றாகக் கெட்டிப்பட்டிருக்கும். எது தழும்பு, எது நோய் என்று கண்ணாலும் விரலாலும் பிரித்துச் சொல்வது கைதேர்ந்தவருக்கே கஷ்டம்.

ஈரலிலோ நுரையீரலிலோ போய் முளைப்பது வேறு கதை. நாம் பேசுவது எடுத்த இடத்திலேயே, இடுப்பெலும்புக் கூட்டுக்குள்ளேயே திரும்பி வருவதைப் பற்றி. 'லோக்கல் ரெக்கரன்ஸ்' என்பார்கள் டாக்டர்கள். சிகிச்சை எதுவும் தராமல் விட்டால் பெரும்பாலானோருக்கு ஓராண்டு கூடக் கிடைக்காது. அந்த மாதங்களும் வலியில்லாமல் கழியாது.

முதல் அறுவையிலேயே முளைவிடும் விதை

லண்டனில் எர்னஸ்ட் மைல்ஸ் என்ற அறுவை மருத்துவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தன் பழைய நோயாளிகளின் கணக்கை எடுத்துப் பார்த்தார். ஆசனவாய் வழியாக மட்டும் கட்டியை எடுத்த 57 பேரில் 54 பேருக்கு நோய் திரும்பியிருந்தது. தன் தோல்வியை இப்படி எண்ணி வெளியிடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும். வயிற்றைத் திறந்து மேலிருந்தும், ஆசனவாய்ப் பக்கம் கீழிருந்தும் ஒரே அமர்வில் மலக்குடல் முழுவதையும் எடுக்கும் முறையை 1908-ல் அவர் அறிவித்தார். நிலைமை தேறியது. ஆனாலும் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகளுக்கு, ஐந்தில் ஒருவருக்கோ அதற்கு மேலோ நோய் திரும்பிக்கொண்டுதான் இருந்தது.

ஏன் என்ற கேள்விக்கு விடை வந்தது இங்கிலாந்தின் பேசிங்ஸ்டோக் என்ற சிறிய நகரத்து ஆஸ்பத்திரியிலிருந்து. மலக்குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புறையில் கண்ணுக்குத் தெரியாத நோய்த் துணுக்குகள் ஒளிந்திருக்கின்றன, அந்த உறையைக் கிழிக்காமல் முழுசாக எடுத்தாக வேண்டும் என்று 1982-ல் எழுதினார் பில் ஹீல்ட். கையால் பிய்த்தெடுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டு, நேராகக் கண்ணால் பார்த்து, கூர்மையாக வெட்டிப் பிரிக்கச் சொன்னார். அந்தப் பிரிவுத் தளத்தை அவர் 'புனிதத் தளம்' என்றே அழைத்தார். நான்கு ஆண்டுகள் கழித்து லீட்ஸ் நகரத்து நோய்க்குறியியல் மருத்துவர் ஃபில் குவிர்க் இன்னொரு பக்கத்திலிருந்து அதே உண்மையைத் தொட்டார். எடுத்த மலக்குடலைக் குறுக்கு வில்லைகளாக நறுக்கிப் பார்த்ததில், 52 பேரில் 14 பேருக்குப் பக்கவாட்டு வெட்டு விளிம்பிலேயே நோய் இருந்தது. பின்னாளில் நோய் திரும்பியதும் பெரும்பாலும் அவர்களுக்குத்தான். அதுவரை 'நோயின் குணம்' என்று சொல்லப்பட்டதில் ஒரு பெரும்பங்கு கத்தியின் பிழை என்பது அம்பலமானது.

ஸ்டாக்ஹோமில் அறுவை மருத்துவர்களுக்கு ஹீல்டின் முறையைக் கற்றுக்கொடுத்தார்கள். புதிய மருந்தோ எந்திரமோ வரவில்லை. அதே நகரம், அதே நோய். மாறியது கைப்பழக்கம் ஒன்றுதான். நோய் திரும்புவது பாதிக்கும் கீழே இறங்கியது.

வீடு கட்ட மேஸ்திரி தேடி நாலு ஊர் விசாரிக்கிறோம். முதல் மலக்குடல் அறுவைக்கு மட்டும், "பக்கத்துலயே ஒரு டாக்டர் பண்ணிடுறேன்னு சொன்னார்" என்று படுத்துவிடுகிறோம். அந்த டாக்டர் வருடத்துக்கு எத்தனை மலக்குடல் அறுவை செய்கிறார் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

■ பெட்டிச் செய்தி: திரும்பி வருவதைத் தடுத்த எண்கள்

ஸ்வீடன் ஆய்வு (1997): அறுவைக்கு முன் ஐந்து நாள் கதிரியக்கம் தந்ததில் அதே இடத்தில் நோய் திரும்புவது 27 சதவீதத்திலிருந்து 11 ஆகக் குறைந்தது.

நெதர்லாந்து ஆய்வு (2001): உறையோடு எடுக்கும் நல்ல அறுவையோடு கதிரியக்கமும் சேர்ந்தபோது, இரண்டு ஆண்டுகளில் நோய் திரும்பியது 2.4 சதவீதம் பேருக்கு. அறுவை மட்டும் செய்தவர்களில் 8.2 சதவீதம்.

ஜெர்மனி ஆய்வு (2004): கீமோவும் கதிரியக்கமும் அறுவைக்கு முன்பு கொடுத்தால் ஐந்தாண்டில் 6 சதவீதம், பின்பு கொடுத்தால் 13.

ஜப்பான் ஆய்வு (2017): இடுப்பின் பக்கவாட்டு நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து எடுத்தபோது 7.4 சதவீதம், எடுக்காதபோது 12.6.

'மூலம், பௌத்திரம்' போஸ்டருக்குக் கீழே

நம் ஊர் பஸ் ஸ்டாண்டுகளின் சுவரில் சினிமா போஸ்டருக்குச் சளைக்காமல் நிற்பது 'மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல் குணம்' விளம்பரம். மலத்தில் ரத்தம் என்றாலே மூலம் என்று முடிவுகட்டி மாதக்கணக்கில் களிம்பு பூசியவர்கள் புற்றுநோய் வார்டுகளில் நிறையப் பேர். தாமதமாக வரும் கட்டி பெரிதாக இருக்கும், உறையைத் தாண்டியிருக்கும், எடுத்தாலும் திரும்பி வர வாய்ப்பு அதிகம். இன்னொரு சங்கடமும் உண்டு. இந்திய மருத்துவமனைகளுக்கு மலக்குடல் புற்றுநோயோடு வருகிறவர்களில் நாற்பது வயதுக்குட்பட்டவர்களின் பங்கு மேலைநாடுகளைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. "இந்த வயசுல கேன்சரா? மூலமாத்தான் இருக்கும்" என்ற சமாதானம் அவர்களுக்குத்தான் சுலபமாகக் கிடைக்கிறது.

முதல் அறுவை முடிந்து வீடு திரும்பியவர்களுக்கு வேறொரு கண்ணி காத்திருக்கிறது. நோய் திரும்பினால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுகளுக்குள் காட்டிவிடும். எப்படிக் காட்டும்? உட்கார்ந்தால் அடியில் வலி. பிட்டத்திலிருந்து கால் வரை சுரீரென்று இழுப்பது. ஆறிப்போன தழும்பிலிருந்து கசிவு. இதில் கால் இழுப்புதான் ஆளை ஏமாற்றும். "டிஸ்க் விலகியிருக்கும்", "வாயுப் பிடிப்பு" என்று எலும்பு மருத்துவர், வர்மம், எண்ணெய்க் கட்டு எனச் சுற்றி முடிப்பதற்குள் கட்டி சியாட்டிக் நரம்பின் வேரைக் கவ்வியிருக்கும்.

கணிசமானவர்களுக்கு அறிகுறியே இருக்காது. சி.இ.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையின் எண் மெல்ல ஏறுவது மட்டுமே தடயம். 1965-ல் கண்டறியப்பட்ட பழைய பரிசோதனைதான், விலையும் அதிகமில்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு ஊசி குத்திக்கிட்டு" என்று விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம். எண் ஏறினால் எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன், முடிந்தால் சதை எடுத்துப் பரிசோதனை. தழும்புக்கும் கட்டிக்கும் ஸ்கேனே சில சமயம் வித்தியாசம் காட்டாது. அப்போது சில வாரம் பொறுத்து மறுபடி எடுத்து ஒப்பிடுவார்கள். அந்தக் காத்திருப்பு பெரிய நரகம்.

அந்த அறையின் நான்கு சுவர்கள்

திரும்பி வந்த கட்டியை அது எந்தச் சுவரில் சாய்ந்திருக்கிறது என்று பார்த்து வகைப்படுத்துகிறார்கள். நடுவில் நிற்பது, அதாவது பழைய குடல் இணைப்பிலேயே முளைத்தது, ஓரளவு சுலபம். முன்சுவரில் சாய்ந்தால் சிறுநீர்ப்பையோ கருப்பையோ புராஸ்டேட்டோ சேர்ந்து போக வேண்டியிருக்கும். பின்சுவர் என்றால் சேக்ரம் எலும்பு. அது ஐந்து துண்டுகள் ஒன்றாய் இணைந்த எலும்பு. கீழ்த் துண்டுகளை வெட்டி எடுத்தாலும் மனிதர் நடப்பார். மேலே போகப் போக, சிறுநீரையும் காலையும் ஆளும் நரம்புகள் பறிபோகும். இருப்பதிலேயே கடினமானது பக்கச்சுவர். அங்கேதான் ரத்தக்குழாய்களும் சியாட்டிக் நரம்பும். வெகுகாலம் பக்கச்சுவரைத் தொட்ட கட்டி என்றாலே "மூடிவிடுங்கள்" என்பதே பதிலாக இருந்தது.

இடுப்புக்குள் இருப்பதையெல்லாம் ஒட்டுமொத்தமாக எடுக்கும் அறுவையை 1948-ல் வெளியிட்டவர் நியூயார்க் மெமோரியல் ஆஸ்பத்திரியின் அலெக்சாண்டர் பிரன்ஷ்விக். அவருடைய நோயாளிகள் 22 பேர். பெரும்பாலும் கருப்பைவாய்ப் புற்றுநோய் முற்றிய பெண்கள். ஐந்து பேர் அறுவையைத் தொடர்ந்து இறந்தார்கள். இரண்டு சிறுநீர்க் குழாய்களையும் பெருங்குடலிலேயே கோத்துவிட்டார். மலமும் சிறுநீரும் ஒரே வாசல் வழியாக வெளியேறின. தொற்றும் சிறுநீரகச் சேதமும் பின்தொடர்ந்தன. சிறுகுடலில் ஒரு துண்டை எடுத்து, சிறுநீருக்கென்று தனி வாசல் அமைக்கும் முறையை 1950-ல் செயின்ட் லூயிஸ் நகரத்து யூஜின் பிரிக்கர் விவரித்தார். நம் பெரியவரின் வலப்பக்க வட்டம் பிரிக்கர் கொடுத்தது.

கொடூரம் என்று அந்தக் காலத்தில் பலர் முகம் சுளித்த அறுவை இது. இன்று உயிரிழப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. மயக்க மருத்துவம், ரத்த வங்கி, ஸ்கேன், தீவிர சிகிச்சைப் பிரிவு எல்லாம் சேர்ந்து கொண்டுவந்த மாற்றம். சிட்னியின் ராயல் பிரின்ஸ் ஆல்ஃபிரட் ஆஸ்பத்திரி போன்ற மையங்கள் பக்கச்சுவரையும் விட்டுவைக்காமல், ரத்தக்குழாயை வெட்டி மாற்றுக் குழாய் பொருத்தி, சியாட்டிக் நரம்பையே கட்டியோடு எடுத்து வழிகாட்டின. நரம்பை எடுத்தால் பாதம் தொங்கிப்போகும். கணுக்காலுக்குத் தாங்கு பட்டை மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள். நெதர்லாந்தின் ஐன்ட்ஹோவன் நகரில், கட்டியை எடுத்த கையோடு தியேட்டரிலேயே சந்தேகமான இடத்தில் ஒரே தவணையாகக் கதிரியக்கம் கொடுக்கிறார்கள். மும்பை டாட்டா மெமோரியலில் இந்தப் பகுதிக்கென்றே தனிக் குழு இத்தகைய அறுவைகளைத் தொடர்ந்து செய்துவருகிறது.

பெரும்பாலும் கத்திக்கு முன்னால் வேறொரு சிகிச்சை வரும். முன்பு கதிரியக்கம், நம் மக்கள் சொல்கிற 'கரண்ட்', வைக்காதவர்களுக்கு முழு அளவும் கீமோவும். முன்பே வைத்தவர்களுக்கும் குறைந்த அளவில், சுமார் 30 கிரே, மறுபடி கொடுக்க முடிகிறது. "ஒருதடவை கரண்ட் வெச்சா அவ்வளவுதான், திரும்ப வைக்க முடியாது" என்று பல இடங்களில் இன்னும் சொல்லி அனுப்புகிறார்கள். அது எல்லோருக்கும் பொருந்தாது.

■ பெட்டிச் செய்தி: 1,184 பேர் சொன்ன கணக்கு

பல நாடுகளின் 27 மையங்கள் சேர்ந்து, திரும்பி வந்த மலக்குடல் புற்றுநோய்க்காக இடுப்புறுப்பு நீக்கம் செய்துகொண்ட 1,184 பேரின் விவரங்களை 2018-ல் வெளியிட்டன.

விளிம்பு சுத்தமாகக் கட்டியை எடுக்க முடிந்தது: 55.4 சதவீதம் பேருக்கு.

30 நாட்களுக்குள் உயிரிழந்தவர்கள்: 1.8 சதவீதம்.

பெரிய சிக்கல்கள் நேர்ந்தவர்கள்: 32.1 சதவீதம்.

உயிர்வாழ்ந்த காலத்தின் நடுமதிப்பு: விளிம்பு சுத்தமானால் 36 மாதம். நுண்ணோக்கியில் மட்டும் தெரியும் நோய் மிஞ்சியிருந்தால் 27 மாதம். கண்ணுக்கே தெரியும் கட்டி மிஞ்சியிருந்தால் 16 மாதம்.

36 மாதம் என்பதை எப்படிப் படிப்பது?

இந்த எண்ணை டாக்டர் சொன்னதும் குடும்பம் காலண்டரைப் பார்க்கத் தொடங்கிவிடும். நடுமதிப்பு என்றால் பாதிப்பேர் அதற்கு முன்பு, பாதிப்பேர் அதற்குப் பின்பு என்று பொருள். அந்தப் பின்பாதியில் ஐந்து, பத்து ஆண்டுகள் தாண்டி நோயில்லாமல் இருப்பவர்களும் அடக்கம். 

அதே பெட்டியின் கடைசி எண்ணையும் கவனியுங்கள். 16 மாதம். பன்னிரண்டு மணி நேர அறுவை, வயிற்றில் மலத்துக்கும் சிறுநீருக்குமாக இரண்டு பை, மாதக்கணக்கில் ஆறாத புண். இவ்வளவுக்கும் பிறகு, கீமோவும் கதிரியக்கமும் மட்டும் தந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய காலத்தைவிடப் பெரிதாக எதுவும் கூடவில்லை. முழுசாக எடுக்க முடியும் என்ற நம்பிக்கை ஸ்கேனைப் பார்த்த எல்லோருக்கும் வந்தால்தான் கத்தியைத் தொட வேண்டும் என்று இந்தத் துறையின் மூத்தவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். 'எவ்வளவு முடியுமோ அவ்வளவு எடுத்துப் பார்ப்போம்' என்பது இங்கே கருணையாகாது.

திரும்பி வந்தவர்களில் பலருக்கு அதே சமயம் ஈரலிலோ நுரையீரலிலோ நோய் தெரியும். அவர்களில் ஒருசிலருக்கே இந்த அறுவை பொருந்தும். இதயமும் சிறுநீரகமும் தாங்காதவர்கள், இரு பக்க நரம்பு வேர்களையும் கட்டி சூழ்ந்தவர்கள் என்று பட்டியல் இன்னும் நீளும். இவர்களுக்கு எதுவுமே இல்லை என்று வீட்டுக்கு அனுப்புவது இன்னொரு தவறு. வலிக்குக் கதிரியக்கம் உண்டு, குடல் அடைத்தால் பை வைக்கலாம், மார்ஃபின் உண்டு. போதைப்பொருள் சட்டத்தில் 2014-ல் கொண்டுவந்த திருத்தம் மார்ஃபின் கிடைப்பதைச் சுலபமாக்கத்தான் வந்தது. ஆனாலும் மாவட்டத் தலைநகரைத் தாண்டினால் அந்த மாத்திரையைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது. புற்றுநோய் மருத்துவத்தில் நம் பெரிய வெட்கக்கேடு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

வீட்டுக்கு வந்த பிறகு

அறுவையை டி.வி.யில் காட்டுவார்கள். அதற்குப் பிறகு வரும் ஆறு மாதத்தை யாரும் காட்டுவதில்லை.

உள்ளே இருந்த உறுப்புகள் போனதும் இடுப்புக்கூடு வெற்றிடமாகிவிடும். வெற்றிடத்தை உடம்பு பொறுக்காது. நீர் சேரும், சீழ் பிடிக்கும், குடல் சரிந்து உள்ளே விழுந்து ஒட்டிக்கொள்ளும். இதைத் தவிர்க்க வயிற்றிலிருந்தோ தொடையிலிருந்தோ தசையைத் தோலோடு எடுத்துக் கீழே நிரப்புகிறார்கள். அந்த ஒட்டு பிடிக்கும்வரை, சில வாரங்களுக்கு, நேராக உட்காரவே கூடாது. சாப்பிடுவதும் டி.வி. பார்ப்பதும் பேரனைக் கொஞ்சுவதும் ஒருக்களித்துப் படுத்தோ நின்றோதான்.

பிறகு பை. நம் வெயிலிலும் வியர்வையிலும் ஒட்டுப்பட்டை சீக்கிரம் விட்டுப்போகும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலிசெய்துவிட வேண்டும். நிரம்பி வழியவிட்டால் பாரத்தில் பிடுங்கிக்கொள்ளும். சிறுநீர்ப் பையில் சளி மாதிரி மிதப்பதைப் பார்த்துப் பயந்துபோய் போன் செய்யாதவர்களே குறைவு. குடல் துண்டு தன் இயல்புப்படி சுரப்பதுதான் அது, ஒன்றுமில்லை. இரவில் நீளக் குழாய் மாட்டிப் பெரிய பையில் இணைத்துவிட்டால் நடுவில் எழ வேண்டாம். முட்டை, வெங்காயம், முட்டைக்கோஸ் சாப்பிட்ட மறுநாள் வாடை கூடும். கல்யாண வீட்டுக்குப் போகிறவர் முந்தின நாளே கணக்குப் போடுவார்.

பை ஒன்றுக்குச் சில நூறு ரூபாய். வாரத்துக்கு ஒன்றிரண்டு என்றாலும், இரண்டு வாசலுக்கும் சேர்த்து ஆயுள் முழுவதும் வாங்க வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கைகொடுக்கிறது. மாதாமாதம் மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் பைக்கும், உடன் இருப்பவர் இழக்கும் கூலிக்கும், லாட்ஜ் வாடகைக்கும் குடும்பம்தான் பொறுப்பு. காசு மிச்சம் பிடிக்க ஒரே பையைக் கழுவிக் கழுவி மாட்டித் தோல் வெந்துபோனவர்கள் உண்டு.

"கோயிலுக்குப் போகலாமா டாக்டர்?" "தொழுகைக்கு நிக்கலாமா?" இந்தக் கேள்விகளைச் சர்ஜனிடம் கேட்கக் கூச்சப்பட்டு நர்ஸிடம் கேட்பார்கள். அதைவிடக் கூச்சமான கேள்வியை நர்ஸிடமும் கேட்க மாட்டார்கள். புராஸ்டேட்டும் அதைச் சுற்றிய நரம்புகளும் போன ஆணுக்கு விறைப்பு திரும்பாது. பெண்ணுக்குப் பிறப்புறுப்பின் ஒரு பகுதியோ முழுவதுமோ போயிருக்கலாம். ஒட்டுத் தசையால் மறுபடி அமைக்க முடியும், ஆனால் அது பழையதாகிவிடாது. சினைப்பையும் போயிருந்தால் முப்பத்தைந்து வயதில் மாதவிடாய் நின்றுபோன உடம்பு. அறுவைக்கு முன் விந்தணுவையோ கருமுட்டையையோ சேமிப்பது பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று பிறகு வருந்துவதில் பயனில்லை. கணவன் மனைவி இருவரையும் உட்கார வைத்து இதைப் பேசும் டாக்டர்கள் நம்மிடையே குறைவு. பேசச் சொல்லிக் கேட்கும் நோயாளிகள் அதைவிடக் குறைவு.

இவ்வளவையும் படித்துவிட்டு, இப்படி வாழ்வதற்கு எதற்கு இந்த அறுவை என்று தோன்றலாம். அறுவை செய்துகொண்டவர்களையே கேட்ட ஆய்வுகள் வேறுமாதிரி சொல்கின்றன. முதல் சில மாதங்கள் வாழ்க்கைத் தரம் சரிகிறது. ஓராண்டுக்குள் பெரும்பாலோருக்கு அறுவைக்கு முந்தைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. கட்டி கொடுத்த வலி போனதே பலருக்குப் பெரிய விடுதலை. இதில் ஒரு சூட்சுமம்: ஆய்வுக்குப் பதில் சொன்னவர்கள் பிழைத்திருந்தவர்கள்.

■ பெட்டிச் செய்தி: கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்

இந்தக் கட்டியை விளிம்பு சுத்தமாக எடுக்க முடியும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கதிரியக்க, கீமோ, சிறுநீரக, எலும்பு மருத்துவர்கள் ஒன்றாக உட்கார்ந்து என் ஸ்கேனைப் பார்த்தார்களா? இத்தகைய அறுவை இங்கே வருடத்துக்கு எத்தனை நடக்கிறது? எந்தெந்த உறுப்பு போகும், எத்தனை பை வரும், கால் எப்படி இருக்கும்? அறுவை வேண்டாம் என்று நான் சொன்னால் எனக்கு என்ன செய்வீர்கள்?

"அப்பாவுக்குச் சொல்லாதீங்க"

நம் வீடுகளில் இது பாசத்தின் மொழி. புற்றுநோய் என்ற சொல்லைக் கேட்டாலே மனுஷன் உடைந்துபோவார் என்று, கீமோவைச் 'சத்து டிரிப்' என்றும் கதிரியக்கத்தை 'லைட் வைக்கிறது' என்றும் மாற்றிச் சொல்லி ஓட்டிவிடும் குடும்பங்கள் எத்தனையோ. டாக்டர்களும் பல சமயம் கூடவே நடிக்கிறார்கள். முதல் சிகிச்சைவரை அந்த நாடகம் எப்படியோ ஓடும்.

திரும்பி வந்த நோயில் அது ஓடாது. இரண்டு பையை யாரிடம் மறைப்பது? விழித்தெழும் மனிதர் தன் வயிற்றைத் தடவிப் பார்க்கிற அந்த நொடியில், தன்னைச் சுற்றி இத்தனை நாள் எல்லோரும் சேர்ந்து பொய் சொன்னார்கள் என்பதும் சேர்ந்தே தெரிகிறது. அதற்குப் பிறகு பையைத் தொடவே மறுத்து, மகள் வந்து மாற்றட்டும் என்று சுவரைப் பார்த்துப் படுத்துவிடுகிறவர்கள் உண்டு. இதைச் செய்துகொள்ளலாமா என்று தீர்மானிக்கும் உரிமை அவருடையது. நாலு வருடம் கிடைக்கலாம் என்றால் எல்லாவற்றையும் கொடுக்கத் தயாராக ஒருவர் இருப்பார். பேத்தி கல்யாணம்வரை வலியில்லாமல் வைத்திருந்தால் போதும், வெட்ட வேண்டாம் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் நியாயமே. மகனுக்கு எது நியாயமாகப் படுகிறது என்பது அப்புறம்.

அடுத்து என்ன?

பிரன்ஷ்விக் இந்த அறுவையைத் தொடங்கிய அதே மெமோரியல் ஆஸ்பத்திரி 2022-ல் வேறொரு செய்தியை வெளியிட்டது. மரபணுப் பழுதுநீக்கும் திறன் குறைந்த ஒரு வகை மலக்குடல் புற்றுநோய் உள்ள 12 பேருக்கு டோஸ்டார்லிமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை மட்டும் கொடுத்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் கட்டி மறைந்துவிட்டது, கத்தியே தேவைப்படவில்லை. மலக்குடல் புற்றுநோயாளிகளில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவானவர்களே இந்த வகை. அந்த ஆய்வில் இருந்தவர்களும் முதல்முறை நோய் வந்தவர்கள். ஆனாலும் கட்டித் துணுக்கில் இந்தக் குறைபாடு உண்டா என்று சோதித்துப் பார்க்காமல் யாரையும் பெரிய அறுவைக்குள் தள்ளக் கூடாது என்பதற்கு இந்தப் பன்னிரண்டு பேர் போதும். ஜப்பானில், எடுக்கவே முடியாத இடத்தில் திரும்பிய கட்டிகளுக்குக் கார்பன் அயனிக் கதிர்களைப் பயன்படுத்துகிறார்கள். சிபா நகரில் 1994-லேயே அதற்கான எந்திரம் சிகிச்சைக்கு வந்துவிட்டது. இந்தியாவில் சாதாரண மனிதருக்கு அது இன்னும் எட்டாத தூரம்.

இன்றைக்குப் பெரும்பாலோருக்கு மிஞ்சுவது அந்தக் கறுப்பு வட்டங்களும் அந்த நீண்ட பகலும்தான். தியேட்டர் கதவு திறந்து, "முடிஞ்சுது, ஐ.சி.யு.வுக்கு மாத்தப் போறோம்" என்று சொல்லும்போது வெளியே பெஞ்சில் இருப்பவர்கள் கையெடுத்துக் கும்பிடுவார்கள். முடிந்ததா என்பது சர்ஜனுக்கே அப்போது தெரியாது. எடுத்ததெல்லாம் பரிசோதனைக் கூடத்துக்குப் போகும். அங்கே ஒருவர் அதன் வெளிப்புறம் முழுக்க மை பூசுவார். ஃபார்மலினில் ஊறவைத்து, வில்லை வில்லையாக நறுக்கி, மை பூசிய ஓரத்துக்கும் நோய்க்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று நுண்ணோக்கியில் அளப்பார். எலும்பும் சேர்ந்திருந்தால், அதை அமிலத்தில் மிருதுவாக்க இன்னும் நாள் பிடிக்கும்.

அந்தக் காகிதம் வருவதற்குள் பெரியவர் வார்டில் எழுந்து நடக்கத் தொடங்கியிருப்பார். ஒரு கையில் டிரிப் ஸ்டாண்டு. நர்ஸ் இரண்டு தடவை செய்து காட்டிவிட்டார். மூன்றாவது தடவை, மகனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் குளியலறைக் கதவைச் சாத்திக்கொள்கிறார். உள்ளே வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம். மகன் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"அப்பா, ஆச்சா?"

"இரு. எடதுபக்கம் ஆச்சு."